காவல் முறை

மழை இறங்கியதும் இரண்டு மாதம்
குளம் மூடுவதென்று தீர்மானம் எழுதியது என் கை.
பாடசாலை மண்டபம், மின்விசிறி ஓடாத மாலை,
நாற்பது கையெழுத்து.
மீராமுகைதீன் மட்டும் பெருவிரல் வைத்தார்,
வைத்துவிட்டுக் கேட்டார்:
"இத விராலுக்கு ஆரு சொல்லுற, செயலாளர்?"
எல்லோரும் சிரித்தோம்.
கூட்டக் குறிப்பில் சிரிப்பை எழுதும் வழக்கமில்லை.

இன்று என் முறை.
மூடிப் பதினோராம் நாள், வான் இன்னும் பாயவில்லை.
வட்டைப் பக்கம் தண்ணீர் ஏறி
புல்லின் தலை மட்டும் தெரியும் இடத்தில்
டோர்ச்சை அணைத்துவிட்டுக் குந்தியிருந்தேன்.
இறக்காமத்தில் சுபஹு பாங்கு
பள்ளி பள்ளியாய் முடிந்தது.
கடைசி ஒலிபெருக்கி கொஞ்ச நேரம் இரைந்து
அதுவும் நின்றது.

தாமரை இலைகளுக்கிடையில் தண்ணீர் கொதித்தது.
கிட்டப் போனால், குஞ்சு.
யாரோ மிளகாய்த்தூள் பையை உடைத்துவிட்டதுபோல் சிவப்பு,
அந்தச் சிவப்புக்கு உயிர்.
மூச்செடுக்க எல்லாம் ஒன்றாய் மேலே வரும்,
ஒன்றாய்த் தாழும்.
அதற்கும் கீழே
ஒன்றரை முழ நீளத்தில் ஓர் இருட்டு நிற்கும்.
அதைப் பார்க்கத் தேவையில்லை.

விராலைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்.
மற்றக் காலத்தில் அதை ஏமாற்ற வேண்டும்.
தவளையைக் கோர்த்து, தவளை போலவே நடக்கவிட்டு,
அரைநாள் வெயில் தின்று நிற்போம்,
வந்து பார்த்துவிட்டுப் போய்விடும்.
இந்தக் காலத்தில் ஒரு துண்டு ரப்பர் செருப்புப் போதும்.
குஞ்சுக்கு மேலால் இழு.
அடிக்கும்.
பசிக்கு அல்ல.

பசிக்கு வாய் திறக்கும் மீனைப் பிடிப்பது தொழில்.
இதற்கு என்ன பெயரென்று
தீர்மானத்தில் நான் எழுதவில்லை.

தூண்டில் எப்போதும் சைக்கிளில் கட்டியே கிடக்கும்.
சாட்டு என்று எனக்கே தெரியும்.
குளம் மூடினால் விலை திறக்கும்,
அம்பாறை டவுனில் பந்துல முதலாளி
கிலோவுக்கு முன்னூறு கூடத் தருவதாய்ச் சொன்னதும்
செவ்வாய்க்கிழமைக் குழுக்கடனும்
தலைக்குள் ஒரே வாங்கில் வந்து குந்தின.
மீனுக்கு அறுப்பில்லை என்றது மனம்,
செத்துக் கிடந்தாலும் ஹலால்.
சரி, மீன் ஹலால்.
கையெழுத்து?

ஒரே ஒரு எறிவு.

தண்ணீர் அறைந்த சத்தத்தில் கொக்கு எழும்பிப் போனது.
கரைக்கு இழுத்தால்
தலை மட்டும்தான் விரால்.
நாட்கணக்காய்த் தின்னாமல் நின்ற உடம்பு
ஈரச் சாரம்போல் கையில் தொங்கியது.
இதை விற்கவும் ஏலாது.
கொளுக்கியைக் கழற்ற இரண்டு நிமிடம்,
தாடை கிழியாமல் கழற்றவேண்டுமென்று
இன்னும் ஒரு நிமிடம்.

அந்த மூன்று நிமிடமும் செப்பலிகள் வந்தன.
எங்கிருந்து, யார் சொல்லி, தெரியாது.
சிவப்பு பிய்ந்தது.
இங்கொரு பிடி, அங்கொரு பிடி,
பிறகு கிள்ளு.

விட்டேன்.
விட்டேன் என்பது நல்ல சொல்,
சபையில் சொன்னால் தலையாட்டுவார்கள்.
அது கலங்கலில் கொஞ்சம் சாய்ந்து கிடந்து
நிமிர்ந்து
அதே இடத்துக்குப் போனது.
இலைகள் ஒவ்வொன்றாய் அசைந்து காட்டின,
அது சுற்றும் வட்டத்தை.
வட்டத்துக்குள் மிச்சமிருந்ததை
எண்ணிவிடலாம்போல் இருந்தது. எண்ணவில்லை.

காவல் புத்தகத்தில் எழுதினேன்:
காலை 6.10. எவரும் பிடிபடவில்லை.

மீராமுகைதீன் முறை மாற வந்தார்.
"எழுதினத வாசிங்க."
வாசித்தேன்.
மை தொட்டுப் பெருவிரலைப் பக்கத்தில் வைத்தார்,
வழுக்கியது.
மறுபடி வைத்தார்.
பிறகு அந்த விரலை
மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனார்,
குளத்தைப் பார்த்தார்,
சாரத்தில் துடைத்துக்கொண்டார்.